வாடகைக்கு விடும் வீட்டுக்கு யாரை, எதைக் கொண்டு நம்புவது: மட்டக்களப்பு, காரைதீவு நிலவரம்

கனடாவிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு நகரின் கல்லடியில் வாங்கிய வீட்டுக்கும் அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் வாங்க எண்ணியிருக்கும் வீட்டுக்கும் நம்பகமான சட்டத்தரணி, தரகர், மேசன் ஆகியோரை எப்படிப் பிடிப்பது என்பது முதலாவது. நல்ல வாடகைக்காரரை எப்படித் தெரிவது என்பது இரண்டாவது. கல்லடி வீட்டில் எழுத்து எதுவுமின்றி இரண்டு வருடமாக இருந்துவரும் குடும்பத்தை என்ன செய்வது என்பது மூன்றாவது. வங்கியொன்றின் வீட்டுக்கடன் பிரிவில் நீண்ட காலம் இருந்து, இந்தக் கரையோர ஊர்களின் காணி உறுதிகளையும் அவற்றால் வந்த வழக்குகளையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலோ காரைதீவிலோ "நம்பிக்கையான ஓர் ஆளைச் சொல்லுங்கள்" என்று யாரிடம் கேட்டாலும் உடனே ஒரு பெயர் கிடைத்துவிடும். அந்தப் பெயருக்குரியவர் பெரும்பாலும் கெட்டவராக இருக்க மாட்டார். ஆனால் தரகர் தமக்குப் பழகிய சட்டத்தரணியைச் சொல்வார். சட்டத்தரணி தமக்குப் பழகிய நில அளவையாளரைச் சொல்வார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் தம் மைத்துனரை மேசனாகக் கொண்டுவருவார். அந்த மேசனுக்குத் தெரிந்த ஒருவர் வாடகைக்கு வந்து சேருவார். இவர்களில் ஒருவருடைய வேலையில் குறை இருந்தால் மற்றவர் அதைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டார், ஏனென்றால் நாளைக்குக் கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உத்தமரான ஓர் ஆளைத் தேடி அலைவதை விட, ஒருவர் செய்த வேலையை அவருக்குக் கடமைப்படாத இன்னொருவர் பார்க்கும்படி வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதே முக்கியம் என்பது என் கருத்து. கடல் கடந்து இருப்பவருக்கு இது இன்னும் பொருந்தும்.

முதலில் சட்டத்தரணி. விற்பவரோ தரகரோ அழைத்துவரும் நொத்தாரிசிடமே (உறுதி எழுத அதிகாரம் பெற்ற சட்டத்தரணியிடமே) உறுதி முடிப்பது நம் ஊரில் வழக்கமாக நடக்கிறது. செலவு குறையும் என்பதால் வாங்குபவரும் இணங்கிவிடுகிறார். உங்களுக்கென்று தனியாக ஒருவரை அமர்த்துங்கள். நொத்தாரிசுக்குக் குறிப்பிட்ட நீதி வலயத்திலும் குறிப்பிட்ட மொழியிலும் மட்டுமே உறுதி எழுத அதிகாரம் உண்டு என்பதால், அவருடைய அதிகாரப் பத்திரம் எந்த வலயத்துக்கும் எந்த மொழிக்கும் உரியது என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உறுதியொன்றை எழுதுமுன் அவர் காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடல் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் எழுத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தால் மட்டுமே அதை விட்டுவிடலாம். அவசர அவசரமாக முடிக்கப்பட்ட உறுதிகள் பலவற்றின் முடிவில் அந்த வாசகம் இருப்பதையும், ஒப்பமிட்டவருக்கே அது தெரியாமல் இருந்ததையும் கண்டிருக்கிறேன். உங்கள் கல்லடி உறுதியை எடுத்து அந்தப் பகுதியை முதலில் வாசியுங்கள். அப்படி இருந்தால், அந்த உறுதியை எழுதாத வேறொரு சட்டத்தரணியைக் கொண்டு முப்பது வருட உரித்தையும், ஈடு, வழக்கு போன்ற வில்லங்கத்தையும் தேடுவியுங்கள். காரைதீவு வீட்டுக்கு இந்தத் தேடல் அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும்.

ஒரு சட்டத்தரணி கவனமானவரா என்பதை அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளைக் கொண்டே அறிந்துவிடலாம். கிழக்கில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. விலை பேச வருபவர் கணவராக இருப்பார். உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். அந்த உறுதியிலேயே தாய் தகப்பன் தங்கள் ஆயுட்கால உரித்தை, அதாவது உயிருள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஆயுட்கால உரித்துள்ளவர் உயிருடன் இருக்கிறாரா, ஒப்பமிட வருவாரா என்று கேட்காத சட்டத்தரணி நம் பிரதேசத்தை அறியாதவர். அதேபோல, காணி தனியாருக்குச் சொந்தமான உறுதிக்காணியா அல்லது அரசு கொடுத்த ஒப்பக்காணியா என்பதையும் அவர் கேட்க வேண்டும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ கொடுக்கப்பட்ட அரச காணிகள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களிலும் நிறைய உண்டு. "ஜெயபூமி", "ஸ்வர்ணபூமி" என்று பத்திரத்தின் தலைப்பில் இருந்தால் அது உறுதிக்காணி அல்ல, அரசு அளித்த காணி. அத்தகைய காணியை விற்கவும் குத்தகைக்கு விடவும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன என்பதால் பிரதேச செயலகத்தில் எழுத்துமூலம் கேட்டறியாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. விற்பவர் வெளிநாட்டில் இருக்க, அவர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின் (தமக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரத்தின்) மூலம் இன்னொருவர் ஒப்பமிடுகிறார் என்றால், அந்தத் தத்துவம் பதியப்பட்டிருக்கிறதா, இன்னும் இரத்துச் செய்யப்படாமல் இருக்கிறதா என்பதோடு, கொடுத்தவரிடமே தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசிவிடுவதும் நல்லது.

நில அளவையாளரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் அந்த ஆண்டுக்கான அனுமதிப்பத்திரம் உள்ளவராக இருக்க வேண்டும்; பழைய வரைபடத்தைப் பார்த்து வரையாமல் நேரில் வந்து எல்லைக் கல் பார்க்க வேண்டும்; இரு பக்கத்து வளவுக்காரரும் நிற்கும்போது அளக்க வேண்டும். வாவியோரக் காணி என்றால், அரசுக்கென வாவிக்கரையில் விடப்பட்ட ஒதுக்கு எல்லை எங்கே முடிகிறது என்பதை வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். கட்டடத்துக்கு அங்கீகரித்த வரைபடமும் வீதி எல்லைச் சான்றிதழும் இருக்கின்றனவா என்பதை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ உங்கள் ஆள் நேரில் போய்க் கேட்க வேண்டும். விற்பவர் தரும் போட்டோப் பிரதியோடு திருப்திப்படக் கூடாது.

தரகருக்குப் பரீட்சையும் கிடையாது, அதிகாரப் பத்திரமும் கிடையாது. ஆனாலும் நல்ல தரகர் பெறுமதியானவர். எந்த வங்கிக் கிளைக்குப் புது முகாமையாளர் வருகிறார், போதனா வைத்தியசாலைக்கு வரும் எந்த வைத்தியருக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு வேண்டும் என்பதை அவரே முதலில் அறிவார். அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது தகவல் மட்டும். தீர்ப்பை அவரிடம் விட்டுவிடக் கூடாது. இருவர் மூவரிடம் ஒரே வீட்டைச் சொல்லி வைப்பதில் குற்றமில்லை. யார் கொண்டுவந்தாலும் தரகுக் கூலி எவ்வளவு, அதை இரு பக்கமும் கொடுப்பதா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூலியின் ஒரு பகுதியை, வந்தவர் மூன்று மாத வாடகையை ஒழுங்காகக் கட்டிய பிறகு தருவதாகச் சொல்லிப் பாருங்கள். தாம் கொண்டுவரும் ஆளைத் தெரிந்த தரகர் சிறு முணுமுணுப்போடு சம்மதிப்பார். தெரியாதவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். இரண்டும் உங்களுக்கு வேண்டிய தகவலே.

மேசன், ஓடாவி, மின்சார வேலைக்காரர் ஆகியோர் விடயத்தில் நம் ஊர் வழக்கம் இரண்டு: நாட்கூலி, முழு வேலைக்கும் ஒரே தொகை பேசும் கொந்தராத்து. தூரத்தில் இருப்பவர் நாட்கூலிக்கு வேலை கொடுத்தால் வேலை முடியாது; முழுக் கொந்தராத்துக்குக் கொடுத்தால், சாமானில் மிச்சம் பிடிப்பதால், சீமெந்து முடியாது. சாமானை ஒருவர் கடையிலிருந்து நேரே இறக்க, கூலியை மட்டும் அளவு வேலைக்குப் பேசி, ஒவ்வொரு கட்டமும் முடிந்து படமும் அளவும் வந்த பின்னரே பணம் அனுப்புவதே பாதுகாப்பான ஒழுங்கு. கடைசியில் ஐந்து அல்லது பத்து வீதத்தை ஒரு மாரி கழியும்வரை வைத்திருங்கள். ஏனென்றால், இங்கே கூரை, வடிகால், மலக்குழி ஆகிய மூன்றின் தரமும் கார்த்திகை, மார்கழி மழையில்தான் தெரியும்; சித்திரை வெயிலில் எல்லா வேலையும் நல்ல வேலையாகவே இருக்கும். கல்லடி போன்ற கடற்கரைப் பகுதியில் உப்புக் காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் தின்கிறது. தட்டின் அடிப்பக்கத்தில் பூச்சு வெடித்துக் கறை தெரிந்தால் மேலே பூசி மறைப்பவரை விட்டுவிட்டு, வெட்டிப் பார்த்துக் காரணம் சொல்பவரைப் பிடியுங்கள். மின்சார வேலைக்கு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவர்கள் இப்போது இங்கே தாராளமாகக் கிடைக்கிறார்கள். மின்கசிவு பாயும்போது மின்னைத் துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு குடிமாற்றத்தின்போதும் அவர்களைக் கொண்டு பார்ப்பது, பணத்தை விட உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரைப் பற்றி எழுதுவது எனக்குச் சங்கடமானது. ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்களின் வழக்குகளில் பெரும்பகுதி இங்கிருந்தே தொடங்குகிறது. "சும்மா பார்த்துக்கொள்ளட்டும்" என்று விட்டால், வேலையும் சும்மாதான் நடக்கும். மாதாந்தம் ஒரு தொகையைக் கொடுத்து, அவர் செய்ய வேண்டியது என்ன என்பதை எழுதிக் கொடுங்கள். வாடகைப் பணம் அவர் கையால் போகக் கூடாது. வாடகைக்காரர் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாக இட வேண்டும். இது அவரைச் சந்தேகிப்பதாகாது, அவரைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுவது. "பத்து வருடம் இருந்தால் வீடு இருந்தவருக்கே" என்று நம் மக்கள் அஞ்சுவது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தை அரைகுறையாக அறிந்ததால் வருகிறது. உங்கள் அனுமதியோடு, உங்கள் உரிமையை ஒப்புக்கொண்டு இருப்பவருக்கு வருடங்கள் கழிவதால் மட்டும் உரிமை வந்துவிடாது. உங்கள் உரிமையை மறுத்து எதிராக ஆண்டிருந்தாலே அந்த வாதம் எழும். ஆனால் அனுமதி கொடுத்ததற்குக் கடதாசி இல்லாமல், சபைக்குக் கட்டும் சோலைவரியும் அவர் பெயரில் கட்டப்பட்டு, நீங்கள் பல வருடம் எட்டியும் பாராமல் இருந்தால், எதை நிரூபிப்பது என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பிவிடும். சோலைவரியையும் மின், நீர்க் கணக்குகளையும் உங்கள் பெயரிலேயே வைத்துப் பற்றுச்சீட்டுகளை ஆண்டுவாரியாகச் சேருங்கள்.

இனி வாடகைக்காரர். இங்கே வீடு தேடுபவர்கள் பலவகை. மட்டக்களப்பு நகரிலும் கல்லடியிலும் இடமாற்றம் பெற்று வரும் அரச, வங்கி உத்தியோகத்தர்கள், வைத்தியர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள். வந்தாறுமூலைப் பக்கம் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களும் விரிவுரையாளர்களும். காரைதீவுப் பக்கம் கல்முனை அலுவலகங்களில் வேலை செய்வோரும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவர்களும். யாருக்கு வீடு என்று முதலில் தீர்மானித்துவிட்டால் தேடும் காலமும் இடமும் தானாகத் தெளியும். அரச சேவையின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வருவதால், குடும்பமாக வரும் உத்தியோகத்தரைத் தேடுபவர் நவம்பரிலேயே வீட்டை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாரி காலத்தில் வீடு பார்க்க வருபவர் முற்றத்தில் நிற்கும் தண்ணீரையும் பார்ப்பார். அதை மறைக்காமல், எவ்வளவு உயரம் நிற்கும், எத்தனை நாளில் வற்றும் என்று சொல்லிவிடுவது நல்லது. 2011 ஜனவரி வெள்ளத்தில் இந்த இரு மாவட்டங்களும் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "எங்கள் வளவுக்குள் தண்ணீர் வராது" என்ற உறுதிமொழியை ஊரறிந்த எவரும் நம்ப மாட்டார். நல்ல வாடகைக்காரரும் உங்களைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

விசாரிப்பதில் மூன்று விடயங்களை மட்டும் தவறவிடாதீர்கள். அடையாள அட்டையின் மூலப்பிரதியைப் பார்த்து, வேலை செய்யும் இடத்துக்கு அவர் தந்த இலக்கத்தை விட்டு அந்த அலுவலகத்தின் பொது இலக்கத்தில் பேசுங்கள். இப்போதைய வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிற்காமல், அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். இப்போதையவர் ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்ற எண்ணத்தில் புகழக்கூடும். முந்தையவரிடமும் "ஆள் நல்லவரா" என்று கேட்டால் "நல்லவர்தான்" என்றே பதில் வரும். "கடைசி மின்கட்டணத்தை யார் கட்டினார்? முற்பணத்தில் எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது, எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள், அவர்கள் யார் என்பது. மூவர் என்று வந்த மாணவர் விடுதி எட்டுப் பேராகும்போது தண்ணீரும் மலக்குழியும் அயலவரின் பொறுமையும் ஒன்றாக நிரம்பும். வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொடுக்கும் நடைமுறை போர்க்காலத்திலும் 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதலுக்குப் பிறகும் இங்கே இறுக்கமாக இருந்தது. கேட்டால் கொடுக்க ஒரு பட்டியல் ஆயத்தமாக இருக்கட்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழருக்கு மட்டும், முஸ்லிம்களுக்கு மட்டும், இன்ன ஊரவருக்கு மட்டும் என்று வீடு தேடுவோரை வடிகட்டுவது இங்கே சர்வசாதாரணம். கோப்புகளில் நான் கண்ட வாடகை நிலுவைகளுக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. நிலையான சம்பளமும் முந்தைய வீட்டுக் கணக்கும் சொல்வதைச் சாதியும் சமயமும் சொல்லமாட்டா. அந்த வடிகட்டலால் நீங்கள் இழப்பது நல்ல வாடகைக்காரரில் பாதிப் பேரை.

எழுத்து விடயத்துக்கு வருவோம், ஏனெனில் இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. முத்திரை ஒட்டிய தாளில், சமாதான நீதவான் ஒருவருக்கு முன் ஒப்பமிட்ட "ஒரு வருட ஒப்பந்தம்" நம்மில் பலரிடம் இருக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன் எழுதப்பட்டாலே குத்தகையாகச் செல்லும். அப்படி எழுதாத ஒப்பந்தம், வாடகை கொடுத்து வாங்கியதற்கு ஒரு சான்று மட்டுமே. சட்டத்தின் பார்வையில் வீட்டில் இருப்பவர் மாத வாடகைக்காரர். நொத்தாரிசு முன் எழுதுவதில் இப்போது இன்னொரு பயனும் சேர்ந்திருக்கிறது. குத்தகைக்குக் கொடுத்த வளவின் உடைமையை மீளப்பெறுவது பற்றிய 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், அவ்வாறு எழுதிய குத்தகை முடிந்தும் வெளியேறாதவருக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண வழக்கை விடச் சுருக்கமான வழியைத் திறந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்களைப் பார்த்த எவருக்கும் நொத்தாரிசுக் கட்டணம் அதிகமாகத் தோன்றாது. அந்த எழுத்தில் வாடகை, தவணை ஆகியவற்றோடு, முற்பணம் எந்தக் கழிவுகளின் பின் எத்தனை நாளில் திரும்பும், எந்தத் திருத்தம் யார் செலவு, உள்வாடகைக்கு விடக் கூடாது ஆகியனவும் இருக்க வேண்டும். திறப்புக் கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் மின்மானி, நீர்மானி வாசிப்புகளையும் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். புளியந்தீவு, கோட்டைமுனைப் பக்கத்துப் பழைய கட்டடங்களுக்கு 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்துகிறதா என்பதைச் சட்டத்தரணியிடம் தனியாகக் கேட்க வேண்டும். பொருந்தினால் முற்பணம் முதல் வெளியேற்றுவது வரை விதிகள் வேறு.

கடைசியாக, இப்போது கல்லடியில் இருக்கும் குடும்பம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர்கள் வாடகையைப் பிந்தியேனும் கட்டிவருகிறார்கள், அயலவரோடு சச்சரவும் இல்லை. அவர்களை எழுப்ப வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. எழுத்துக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாத வாடகையை உங்கள் கணக்கில் இடச் சொல்லி, அதற்கு வீட்டின் முகவரியும் எந்த மாதத்துக்கு என்பதும் குறித்த பற்றுச்சீட்டு அனுப்புங்கள்; அவர்கள் உங்கள் வாடகைக்காரர் என்பதற்கு அதுவே முதல் கடதாசி. பிறகு, உங்கள் உறவினர் மூலமாக அல்லாமல் நீங்களே பேசி, ஒரு வருடத்துக்கு நொத்தாரிசு முன் குத்தகை எழுதச் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒப்பமிடுவார்கள், ஏனெனில் திடீரென்று எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. மறுத்தால், காரணத்தை அமைதியாகக் கேட்டு, சட்டத்தரணி மூலம் முறையான அறிவித்தலை அனுப்புங்கள். நிலுவைப் பணம் மட்டுமே பிரச்சினை என்றால் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்க இடமுண்டு. எந்தக் கோபத்திலும் மின்சாரத்தை வெட்டுவது, பூட்டை மாற்றுவது, ஆள் அனுப்பி மிரட்டுவது ஆகியவற்றை உங்கள் உறவினர் செய்யாதபடி இன்றே சொல்லி வையுங்கள். சமாதானத்துக்குப் பங்கம் வரும் என்று பொலிசார் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் கீழ் அறிக்கையிட்டால், முந்தைய இரண்டு மாதத்துக்குள் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் வீட்டுக்குள் இருத்த நீதிமன்றம் கட்டளையிடலாம். உறுதி உங்கள் பெயரில் இருப்பது அந்த இடத்தில் உதவாது.